அப்பாவின் தம்பி ஆங்கிலத்தில் யார்?

எமது சங்கத்தின் கல்விப் பிரிவு தொழிலாளர் குடும்பங்களுக்காக ஆரம்பித்துள்ள ஞாயிறு ஆங்கில வகுப்பின் முதல் நாளில் வழங்கப்பட்ட உரையின் எழுத்து வடிவம்.



உடுப்புத் துவைக்க, விறகு எடுக்க, டவுனுக்குப் போய்ச் சாமான் வாங்க நமக்கு இருப்பது இந்த ஒரு ஞாயிறுதான். அதையும் விட்டுவிட்டு இத்தனை பேர் வந்து உட்கார்ந்திருக்கிறீர்கள். பின்வரிசையில் பேரப்பிள்ளையை மடியில் வைத்துக்கொண்டு ஓர் அம்மாயி இருக்கிறார். பிள்ளைக்காக வந்தாரா தனக்காக வந்தாரா என்று கேட்டோம். "ரெண்டு பேருக்கும்தான்" என்றார். நல்லது.

ஆங்கில வகுப்பு என்றால் வழமையாக "குட் மோர்னிங் சேர்" என்பதில்தான் தொடங்குவார்கள். நாங்கள் குடும்பத்தில் இருந்து தொடங்குகிறோம். காரணம் இருக்கிறது. நம் லயத்துக்கு வந்து சேரும் ஆங்கிலம் எப்படிப்பட்டது என்று யோசித்துப் பாருங்கள். துரையோடு பேசும் ஆங்கிலம் அல்ல அது. கடதாசியில் வரும் ஆங்கிலம். சேமலாப நிதிப் படிவம், வங்கிப் படிவம், ஆஸ்பத்திரி அட்டை, கொழும்புக்கோ வெளிநாட்டுக்கோ வேலைக்குப் போகும் பிள்ளை கையெழுத்திடும் ஒப்பந்தம். இவை எல்லாவற்றிலும் உங்கள் பெயருக்கு அடுத்ததாகக் கேட்பது உங்கள் குடும்பத்தை. நீங்கள் யாருடைய மகள், யாருடைய மனைவி, உங்களுக்குப் பின் யார்.

ஒன்றை முதலில் சொல்லிவிட வேண்டும். ஆங்கிலம் தெரியாதது வெட்கப்படும் விஷயம் அல்ல. 1987ஆம் ஆண்டின் 13ஆவது திருத்தத்தின் பின் தமிழும் இந்த நாட்டின் அரச கரும மொழி. அரச அலுவலகத்தில் தமிழ்ப் படிவம் கேளுங்கள். இல்லை என்றால் சங்கத்துக்கு அறிவியுங்கள், அதைக் கேட்டு வாங்குவது எங்கள் வேலை. ஆனால் தோட்டத்து ஒபிஸில் வெள்ளைக்காரன் காலத்தில் இருந்து கடிதம் ஆங்கிலத்தில்தான் ஓடுகிறது. வங்கியும் கம்பனியும் வெளிநாட்டு முகவர்களும் அப்படித்தான். உரிமையைக் கேட்டுக்கொண்டே இருப்போம். அது வரும்வரை, கையில் வந்த கடதாசியை வாசிக்கவும் தெரிந்திருப்போம்.

சரி, பாடத்துக்கு வருவோம். அப்பாவின் தம்பியை ஆங்கிலத்தில் எப்படிச் சொல்வது?

முன்வரிசையில் இருந்து "அங்கிள்" என்று சத்தம் வருகிறது. சரிதான். அம்மாவின் அண்ணன்? அதுவும் அங்கிள். அத்தையின் புருஷன்? அவரும் அங்கிள். நமக்குச் சித்தப்பா, பெரியப்பா, மாமா என்று தனித்தனியாக இருக்கும் ஆட்களை ஆங்கிலம் ஒரே சொல்லில் போட்டுக் கட்டிவிடுகிறது. அத்தை, சித்தி, பெரியம்மா எல்லோரும் அன்ட்டி. மச்சான், கொழுந்தன், அத்தான், சகலை எல்லோரும் பிரதர் இன் லோ. கொழுந்தியாவும் நாத்தனாரும் சிஸ்டர் இன் லோ. ஓரகத்திக்குத் தனிச்சொல் அங்கே இல்லவே இல்லை. சம்பந்திக்கும் இல்லை. ஒரு கல்யாண வீட்டில் சம்பந்திமாருக்கு இடையில் நடக்கும் சண்டையை ஆங்கிலத்தில் எழுத வேண்டும் என்றால் எத்தனை வரி செலவாகும் என்று நினைத்துப் பாருங்கள்.

இதைவிட வில்லங்கமானது கசின். மாமன் மகனும் கசின், சித்தப்பா மகனும் கசின். நம் வீட்டில் ஒருவர் கட்டிக்கொள்ளும் முறை, மற்றவர் அண்ணன் தம்பி. இந்த வித்தியாசம் ஆங்கிலச் சொல்லுக்குத் தெரியாது. அதனால்தான் நம் நாட்டில் "கசின் பிரதர்" என்று சேர்த்துச் சொல்கிறோம். பேச்சில் அது பரவாயில்லை. படிவத்தில் "பிரதர்" என்று மட்டும் எழுதிவிட்டால், கூடப் பிறந்தவன் என்றுதான் வாசிப்பார்கள். அவனுடைய பிறப்புச் சான்றிதழில் அப்பாவின் பெயர் வேறாக இருக்கும். அங்கே தொடங்கும் பிரச்சினை.

இதற்கு வழி இலகுவானது. ஒற்றைச் சொல் இல்லாத இடத்தில் வழியைச் சொல்லுங்கள். லயத்தில் யாராவது வீடு கேட்டால் "பீலிக்கு மேலே மூன்றாவது காம்பரா" என்று சொல்வது போல. மை ஃபாதர்ஸ் யங்கர் பிரதர், என் அப்பாவின் தம்பி. மை மதர்ஸ் எல்டர் சிஸ்டர், என் அம்மாவின் அக்கா. மை ஹஸ்பண்ட்ஸ் சிஸ்டர், என் புருஷனின் தங்கையோ அக்காவோ. சொல்லின் கடைசியில் வரும் அந்த "ஸ்" சத்தம்தான் நம்முடைய "இன்". அப்பாவின், அம்மாவின், புருஷனின். இந்த ஒரு சத்தம் கைக்கு வந்துவிட்டால் எந்த உறவையும் பிழையில்லாமல் சொல்லிவிடலாம்.

இது வெறும் சொல் விளையாட்டு என்று சிலருக்குத் தோன்றலாம். இந்த வகுப்பு ஏன் தொடங்கியது என்பதைச் சொல்கிறோம்.

எமது அங்கத்தவர் ஓர் அக்கா. முப்பது வருடங்களுக்கு மேல் கொழுந்து எடுத்தவர். அவருடைய தங்கை ஆண் பிள்ளை ஒன்றைப் பெற்றுப் போட்டுவிட்டுச் சில மாதங்களில் இறந்துபோனார். அக்காவுக்குச் சொந்தப் பிள்ளை இல்லை. அந்தக் குழந்தையைத் தூக்கி வளர்த்தார். பிள்ளைமடுவத்தில் விட்டதும் அவர்தான், பள்ளிக்கூடத்தில் சேர்த்ததும் அவர்தான். பையன் அவரை அம்மா என்றே கூப்பிட்டான். நம் முறையிலும் அது பிழை இல்லை. தங்கை மகன் நமக்கு மகன்தானே. சேமலாப நிதிக்குப் பெயர் கொடுக்கும் நாளில் ஒபிஸில் "யார் இது" என்று கேட்டார்கள். "என் மகன்" என்றார். "சன்" என்று எழுதினார்கள்.

அவர் இறந்த பின் பையன் பணத்துக்கு விண்ணப்பித்தான். பிறப்புச் சான்றிதழில் தாயின் பெயர் வேறு. ஒரு கடிதம் வந்தது, ஆங்கிலத்தில். வாசிக்கத் தெரியாமல், கேட்கவும் கூச்சப்பட்டு, மூன்று மாதம் அதைத் தகரப் பெட்டிக்குள் வைத்திருந்தான். பிறகுதான் சங்கத்துக்குக் கொண்டுவந்தான்.

இனி நடந்ததில் எங்கள் பிழையும் உண்டு, அதை மறைக்கப் போவதில்லை. நாங்கள் அவசரத்தில் பதில் எழுதினோம். வளர்ப்பு மகன் என்பதை "அடொப்டட் சன்" என்று போட்டோம். அகராதியில் அப்படித்தான் இருந்தது. உடனே அடுத்த கடிதம்: நீதிமன்றத்தின் தத்தெடுப்புக் கட்டளையை அனுப்புங்கள். இந்த நாட்டில் 1941ஆம் ஆண்டில் இருந்தே பிள்ளை தத்தெடுப்பதற்கு ஒரு கட்டளைச் சட்டம் இருக்கிறது. அடொப்டட் என்று ஒபிஸ் கடிதத்தில் எழுதினால், நீதிமன்றத்தில் பதிந்து எடுத்த பிள்ளை என்று பொருள். லயத்தில் எந்தப் பெரியம்மா நீதிமன்றத்துக்குப் போய்ப் பிள்ளை வளர்த்தார்? இல்லாத ஒரு கட்டளையை இருப்பதாக நாங்களே எழுதிக் கொடுத்திருந்தோம்.

கடைசியில் உண்மையை உள்ளபடி எழுதினோம். இறந்தவருடைய தங்கையின் மகன், சிறு வயதில் இருந்து அவரால் வளர்க்கப்பட்டவன். டிசீஸ்ட்ஸ் சிஸ்டர்ஸ் சன், பிரோட் அப் பை ஹேர். அதோடு சத்தியக்கடதாசி, கிராம உத்தியோகத்தரின் கடிதம், பாடசாலைப் பதிவு. பணம் கிடைத்தது. ஆனால் ஒரு வருடத்துக்கு மேல் ஆகிவிட்டது. அதற்கிடையில் பையன் உயர்தர வகுப்பை விட்டுவிட்டுக் கொழும்பில் ஒரு கடையில் வேலைக்குப் போய்விட்டான். பணம் வந்த பிறகும் அவன் வகுப்புக்குத் திரும்பவில்லை.

அந்தப் பணம் யாருடையது? மாதா மாதம் அந்த அக்காவின் சம்பளத்தில் 8 வீதம் பிடித்து, தோட்டம் 12 வீதம் போட்டுச் சேர்ந்தது. அவர் மலையில் நனைந்து நனைந்து சேர்த்தது.

ஆகவே "பிரோட் அப்" என்ற சொல்லை இன்று எல்லோரும் மனதில் வைத்துக்கொள்ள வேண்டும். பிரிங் அப் என்றால் பிள்ளை வளர்ப்பது. மை கிராண்ட்மதர் பிரோட் மீ அப், என் அம்மாயி என்னை வளர்த்தார். அம்மா வெளிநாட்டில், அப்பா கொழும்பில் என்று இருக்கும் எத்தனை பிள்ளைகள் இந்தக் கூடத்தில் இருக்கிறீர்கள். உங்களுக்குப் பாடசாலைப் படிவத்தில் இன்னொரு சொல்லும் வரும், கார்டியன். பாதுகாவலர். அம்மாயி கார்டியனாக இருக்கலாம். அதற்காக "மதர்" என்ற இடத்தில் அம்மாயியின் பெயரை எழுதிவிடக் கூடாது. அம்மா தூரத்தில் இருந்தாலும் அந்த இடம் அம்மாவுடையது.

படிவத்தில் வரும் மற்றச் சொற்களைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறோம், வரும் வாரங்களில் எழுதிப் பழகுவோம். ஸ்பௌஸ் என்றால் கணவன் அல்லது மனைவி, இருவருக்கும் ஒரே சொல். சிப்ளிங் என்றால் கூடப் பிறந்தவர், ஆணானாலும் பெண்ணானாலும். டிபென்டன்ட் என்றால் உங்கள் உழைப்பில் சாப்பிடுபவர். மெய்டன் நேம் என்றால் பெண்ணுக்குக் கல்யாணத்துக்கு முன் இருந்த பெயர். நெக்ஸ்ட் ஒஃப் கின் என்றால் மிக நெருங்கிய உறவு. உங்களுக்கு ஏதும் நடந்தால் முதலில் யாருக்குத் தகவல் சொல்வது என்று கேட்கிறார்கள். நொமினி என்பது வேறு. உங்களுக்குப் பிறகு பணம் யாருக்கு என்று நீங்களே பெயர் குறித்து வைப்பது. கல்யாணத்துக்கு முன் அம்மாவின் பெயரைக் குறித்தவர்கள், இப்போது அது என்ன நிலையில் இருக்கிறது என்று ஒருமுறை ஒபிஸில் பாருங்கள்.

இரண்டு சொற்கள் ஆளை ஏமாற்றும். ஒன்று "லேட்". பெரட்டுக்கு லேட்டாகப் போனால் பேர் விழாது, அது நமக்குத் தெரிந்த லேட். ஆனால் ஒருவருடைய பெயருக்கு முன்னால் "லேட்" என்று இருந்தால் அவர் காலமாகிவிட்டார் என்று பொருள். "யுவர் லேட் ஃபாதர்" என்று ஓர் அதிகாரி கேட்டபோது, "இல்லை சேர், அப்பா எப்போதும் நேரத்துக்குத்தான் வேலைக்குப் போனார்" என்று நம் பிள்ளை ஒருவர் பதில் சொல்லியிருக்கிறார். சிரிக்க வேண்டாம், தெரியாதவரைக்கும் யாரும் அப்படித்தான் சொல்வோம். மற்றது "இஷ்யூ". பேச்சில் அது பிரச்சினை. காணி உறுதியிலும் நீதிமன்றக் கடதாசியிலும் வந்தால் அது பிள்ளைகள். "டைட் விதவுட் இஷ்யூ" என்றால் பிரச்சினை இல்லாமல் செத்தார் என்பதல்ல, பிள்ளை இல்லாமல் இறந்தார் என்பது.

அடுத்தது ஃபெமிலி என்ற சொல். தெரிந்த சொல்தானே என்பீர்கள். ஒரு காம்பராவில் அப்பா அம்மா, மூத்த மகனும் மருமகளும் பிள்ளையும், இளைய மகனும் அவன் மனைவியும் இருக்கிறார்கள். எத்தனை குடும்பம் என்று கேட்டால் நாம் பெருமையாக "ஒரே குடும்பம்" என்று சொல்வோம். பிரிந்துவிட்டோம் என்று சொல்ல மனசு வராது. ஆனால் ஆங்கிலப் பட்டியலில் ஃபெமிலி ஒன்று, ஹவுஸ்ஹோல்ட் இன்னொன்று. சனத்தொகைக் கணக்கெடுப்பில் ஹவுஸ்ஹோல்ட் என்பதை அடுப்பை வைத்துத்தான் பிரிக்கிறார்கள். ஒன்றாகச் சமைத்துச் சாப்பிட்டால் ஒரு குடித்தனம். ஒரே கூரைக்குக் கீழ் இரண்டு அடுப்பு தனித்தனியாக எரிந்தால் இரண்டு குடித்தனம். வீட்டுக்கு, காணிக்கு என்று பட்டியல் எடுக்க வருபவர் எந்தச் சொல்லை வைத்து எழுதுகிறார் என்று கேளுங்கள். ஒரு குடும்பம் என்று ஒரு பெயர் மட்டும் ஏறிவிட்டால், மற்ற இரண்டு மகன்மாரும் அதே காம்பராவில்தான் பிள்ளைகளைப் பெரியவர்களாக்க வேண்டும். இருப்பதைச் சொல்லுங்கள், கூட்டியும் வேண்டாம், குறைத்தும் வேண்டாம். மூன்று ஜோடி இருந்தால் மூன்று.

பிள்ளைகளே, ஒரு குடும்பச் சொல் நம் மக்களை என்ன செய்தது என்பதையும் நீங்கள் தெரிந்திருக்க வேண்டும். டிசென்ட். வம்சவழி என்று பொருள். 1948ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கப் பிரஜாவுரிமைச் சட்டத்தில் அந்தச் சொல் இருந்தது. வம்சவழிப் பிரஜை என்று ஏற்றுக்கொள்ள, இங்கே பிறந்த ஒருவரின் அப்பா இங்கே பிறந்திருக்க வேண்டும், அல்லது அப்பாவின் அப்பாவும் அவருடைய அப்பாவும் இங்கே பிறந்திருக்க வேண்டும். தோட்டத்தில் பிறந்த நம் தாத்தாமாரிடம் அதைக் காட்டக் கடதாசி எங்கே இருந்தது? அடுத்த வருடம் வந்த சட்டத்தில் கல்யாணமானவர் 7 வருடம், ஆகாதவர் 10 வருடம் இங்கே தொடர்ந்து இருந்ததாக நிரூபிக்கச் சொன்னார்கள். 1964இல் சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம் வந்தது. 525,000 பேர் இந்தியாவுக்கு, 300,000 பேர் இங்கே என்று தலையை எண்ணிப் பிரித்தார்கள். அண்ணன் கப்பலேறினான், தங்கச்சி மலையில் நின்றாள். நம்மில் அநேகருக்கு அங்கே முகம் தெரியாத ஒரு பெரியப்பா குடும்பம் இருக்கிறது. பிறகு 2003ஆம் ஆண்டின் 35ஆம் இலக்கச் சட்டத்தில் அதே சொல்லின் பிள்ளை ஒன்று வந்தது, டிசென்டன்ட். 1964 ஒக்டோபர் 30இல் இருந்து இங்கே வாழ்ந்தவரும் அவருடைய வழித்தோன்றலும் பிரஜைகள் என்றார்கள்.

இனிக் கொஞ்சம் இலகுவான பகுதி, மரபுத்தொடர்கள். நம் பேச்சில் இருப்பது போலவே அவர்களுக்கும் உண்டு. நாம் கண்ணின் மணி என்பதை அவர்கள் கண்ணின் அப்பிள் என்பார்கள், தி அப்பிள் ஒஃப் மை ஐ. தாயைப் போலப் பிள்ளை என்பதற்கு லைக் ஃபாதர் லைக் சன். குடும்பத்துக்கு ஆகாதவன் பிளாக் ஷீப், கறுப்பு ஆடு. கறுப்பு என்றால் ஆகாது என்பது அவர்கள் பழக்கம், நாம் ஏற்க வேண்டியதில்லை. கல்யாணம் முடிப்பது டை த நொட், முடிச்சுப் போடுவது. நாம் மூன்று முடிச்சுப் போடுகிறோம், அவர்களுக்கு ஒன்று போதும். ஒரு பெண்ணைப் பற்றி "ஷீ இஸ் எக்ஸ்பெக்டிங்" என்று ஆஸ்பத்திரியில் சொன்னால், யாரையோ எதிர்பார்த்துக் காத்திருக்கிறாள் என்று நினைத்துவிடாதீர்கள். முழுகாமல் இருக்கிறாள்.

ஆனால் இரண்டு தொடர்களை நாங்கள் சும்மா விடப் போவதில்லை.

ஒன்று பிரெட்வின்னர். பாண் சம்பாதிப்பவர், அதாவது குடும்பத்துக்குச் சோறு போடுபவர். நம் லயத்தில் அது யார்? காலையில் எழுந்து ரொட்டி சுட்டு, பிள்ளையை மடுவத்தில் விட்டு, மலை ஏறி, கொழுந்து நிறுத்து, மாலையில் விறகோடு இறங்குபவர் யார்? ஆனால் படிவத்தில் "ஹெட் ஒஃப் த ஹவுஸ்ஹோல்ட்" என்று கேட்டவுடன் புருஷனின் பெயரைச் சொல்கிறோம். ஒரு காலத்தில் பொம்பளையின் சம்பளத்தைப் புருஷனோ அப்பாவோதான் மேசையில் வாங்கினார். அந்தப் பழக்கம் கையை விட்டுப் போனாலும் வாயை விட்டுப் போகவில்லை. ஆண் தோழர்கள் கோபிக்க வேண்டாம். உழைக்கும் இருவரின் பெயரையும் சொல்லுங்கள் என்றுதான் கேட்கிறோம். ஐ ஆம் த பிரெட்வின்னர். அக்காமாரே, இதை வீட்டுக்குப் போய் ஒருமுறை சத்தமாகச் சொல்லிப் பாருங்கள்.

மற்றது "ஒன் ஒஃப் த ஃபெமிலி". வீட்டுப் பிள்ளை மாதிரி என்று பொருள். கொழும்பிலோ வெளிநாட்டிலோ வீட்டு வேலைக்குப் போகும் நம் பிள்ளைகளிடம் முதல் நாளே மெடம் சொல்வது இது. கேட்க இதமாகத்தான் இருக்கும். உண்மையில் அன்பாக நடத்துபவர்களும் இருக்கிறார்கள். ஆனால் வீட்டுப் பிள்ளைக்கு லீவு கிடையாது, மேலதிக நேரச் சம்பளம் கிடையாது, சேமலாப நிதி கிடையாது. வீட்டுப் பிள்ளை என்றால் சாப்பாட்டு மேசையில் அவளுக்கு நாற்காலி இருக்கிறதா? அவள் சாப்பிடுவது குசினியில், படுப்பது சாமான் அறையில். சம்பளம் கேட்கும் நாளில் மட்டும் குடும்பம். தோட்டத்திலும் "நாம் எல்லோரும் ஒரு பெரிய குடும்பம்" என்று கூட்டத்தில் சொல்லக் கேட்டிருக்கிறீர்கள். நாங்கள் கவனித்த வரையில் அந்தப் பேச்சு பெரும்பாலும் சம்பளப் பேச்சுவார்த்தைக்குக் கிட்டத்தில்தான் வருகிறது. அதற்கு ஒரு மரியாதையான பதில் இருக்கிறது. "தேங்க் யூ மெடம். ஐ ஹேவ் எ ஃபெமிலி. ஐ வேர்க் ஃபோர் தெம்." நன்றி மெடம், எனக்குக் குடும்பம் இருக்கிறது, அவர்களுக்காகத்தான் வேலை செய்கிறேன். வெளியே வேலைக்குப் போகவிருக்கும் தங்கச்சிமார் இந்த மூன்று வசனத்தையும் பாடமாக்கிக்கொள்ளுங்கள்.

இனிப் பேச்சை நிறுத்திக்கொள்கிறோம், தேத்தண்ணியும் ஆறிப்போகிறது. அடுத்த ஞாயிறு வரும்போது வீட்டில் உள்ள எல்லோருடைய பிறப்புச் சான்றிதழ், விவாகச் சான்றிதழ், சேமலாப நிதி பி கார்ட் ஆகியவற்றின் பிரதிகளைக் கொண்டுவாருங்கள். மூலப் பத்திரங்களை மழையில் நனைத்துக் கொண்டுவர வேண்டாம். பெயரும் உறவும் ஒன்றோடொன்று ஒத்துப்போகின்றனவா என்று பக்கத்தில் இருந்து பார்த்துத் தருவோம். பிள்ளைகள் ஆங்கிலத்தை வாசியுங்கள், பெரியவர்கள் உறவு சரியா என்று சொல்லுங்கள். அதுதான் வீட்டுப் பாடம்.

இப்போது கொப்பியைத் திறவுங்கள். முதல் பக்கத்தில் உங்கள் பெயர். அதற்குக் கீழே, உங்களை வளர்த்தவரின் பெயரும், அவர் உங்களுக்கு என்ன உறவு என்பதும். அங்கிள், அன்ட்டி வேண்டாம். வழியை எழுதுங்கள். அம்மாயி, உங்களுக்கும் ஒரு கொப்பி இருக்கிறது, முன்னுக்கு வாருங்கள்.